வேப்பனப்பள்ளி எல்லையும் எகனாமெட்ரிக்ஸும்

அன்புள்ள ஐயா,

வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். கிருஷ்ணகிரியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரக் கேள்விகளுக்குத் தரவுகளையும் புள்ளியியலையும் வைத்து விடை தேடும் துறை, அதன் பேராசிரியர் ஒருவர் எங்களிடம் தன் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். ஒரே கேள்விக்கு எட்டு வருடம் செலவழித்ததாக அவர் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்குப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் 2025-ல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தபோது இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு என்ன செய்தது? இதே துறையில் பி.எச்டி. செய்ய ஆசை. வீட்டில் குரூப் 2 எழுதச் சொல்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எட்டு வருடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கூலி ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார் என்பதுதான் அதுவரை பாடம். டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பேராசிரியர்கள் இரு மாநிலங்களிலும் 410 துரித உணவுக் கடைகளை எடுத்துக்கொண்டு, கூலி ஏறுவதற்கு முன்பும் பின்பும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. 1994-ல் கட்டுரை வந்தது. வேறு இருவர் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் புதிய தரவுகளோடு 2000-ல் பதில் எழுதினார்கள். கூலி ஏறியதிலிருந்து அதற்குள் எட்டு வருடம் ஆகிவிட்டது! 2021-ல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். வேப்பனப்பள்ளியிலிருந்து ஆந்திர எல்லைக்குள் இருக்கும் குப்பம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் ஆந்திர அரசு, மாங்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேலே 4 ரூபாய் அரசு தரும் என்று அறிவித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தத் திட்டம் கிடையாது. மரம் ஒன்று, மழை ஒன்று, அரசு மட்டும் வேறு. அந்த 4 ரூபாய் முழுசாக விவசாயி கைக்குப் போனதா, அல்லது அரசு கொடுக்கிறதே என்று ஆலைகள் தங்கள் விலையை இறக்கிவிட்டனவா? எல்லையின் இரண்டு பக்கத்து விலைகளையும், திட்டத்துக்கு முன், பின் என்று வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று தோன்றும்.

கிடைக்காது. அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலத்துப் பெங்களூராவை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அங்குள்ள ஆலைகளின் கதவு நம் காய்க்கு மூடியது. அதாவது அவர்கள் முடிவு நம் விலையையும் தொட்டுவிட்டது. தொடப்படாத பக்கம் என்று நாம் வைத்துக்கொண்ட கிருஷ்ணகிரி, தொடப்படாத பக்கம் இல்லை. அந்தப் பக்கத்து விலை மாற்றத்திலிருந்து இந்தப் பக்கத்து மாற்றத்தை அப்படியே கழித்துப் பார்த்தால் ஆந்திரத் திட்டம் உண்மையில் செய்ததைவிடப் பெரிதாகத் தெரியும். தொலைவில் உட்கார்ந்து தரவை மட்டும் இறக்கிக்கொள்ளும் ஆராய்ச்சியாளர் இங்கேதான் தவறுவார். எந்த லாரி எந்த ஆலைக்குப் போகும், எந்த மரம் ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஓய்ந்துவிடும் என்பதெல்லாம் உங்களைப் போல அங்கேயே வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

சரி, அது உங்களுக்கு என்ன செய்தது? அந்த சீசனில் ஒன்றும் செய்யவில்லை. விலையை ஏற்றும் சக்தி இந்தத் துறைக்குக் கிடையாது. ஆனால் அடுத்த முறை விலை விழும்போது நாமும் மானியம் கேட்போம். அதை ஆலை வழியாகக் கொடுப்பதா, விவசாயியின் கணக்கில் நேராகப் போடுவதா என்று யாரோ முடிவு செய்வார்கள். அந்த நாளில் நம்பத் தகுந்த ஒரு கணக்கு மேஜைமேல் இல்லையென்றால் குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதே நடக்கும். அது பெரும்பாலும் விவசாயியின் குரலாக இருப்பதில்லை. எனக்கு இந்தத் துறைமேல் இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

பி.எச்டி. பற்றி. ஆசையை விட வேண்டாம், ஆனால் கணிதத்தில் இறங்காமல் இதில் நுழைய முடியாது. ஜி. எஸ். மத்தாலா ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. கணிதம் படித்தவர். பிறகு சிகாகோவில் டாக்டர் பட்டம் வாங்கி, எகனாமெட்ரிக்ஸில் உலகமெங்கும் படிக்கப்படும் பாடநூல்களை எழுதினார். நீங்கள் நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் இந்த வருடமே தொடங்குங்கள். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், அதையும் பழகுங்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவுசார் பொருளாதார எம்.எஸ். படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு, சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். மும்பையில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இரண்டையும் பாருங்கள். வீட்டில் உதவித்தொகை விஷயத்தை முதலில் சொல்லுங்கள், அப்புறம் மற்றதைப் பேசுங்கள். குரூப் 2 எழுதுவதும் தப்பில்லை. இரண்டு தேர்வுக்கும் ஒரே வருடத்தில் படிக்க மட்டும் முயல வேண்டாம்.