கிளாசிக் 350-க்கு எந்த பேட்டரி: தண்ணியா, எம்.எஃப்.-ஆ, லித்தியமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2015 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 14 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரி பிடிக்கும் சார்ஜின் அளவு) தண்ணி பேட்டரி போட்டிருந்தேன். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, செல்ஃப் எடுப்பதில்லை, கிக்கர்தான். ஒரு கடையில் மறுபடியும் தண்ணி பேட்டரியே போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் எம்.எஃப். (மெயின்டனன்ஸ் ஃப்ரீ, தண்ணீர் ஊற்ற வேண்டாத வகை) என்கிறார்கள். நண்பர் லித்தியம் வாங்கு என்கிறார். வண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓடும். திருட்டுக்குப் பயந்து ஜி.பி.எஸ். டிராக்கர் பொருத்தியிருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: எம்.எஃப். வாங்குங்கள். ஆனால் இன்றைக்கே கடைக்குப் போக வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ஓட்டம், இருபத்துநான்கு மணி நேரமும் கரண்ட் இழுக்கும் டிராக்கர் என்று கடைசியில் சொன்னீர்களே, பேட்டரியைத் தின்றது அநேகமாக அதுதான். அதைக் கவனிக்காமல் எந்த வகை போட்டாலும் இரண்டு வருடம் தாண்டாது.

முதலில் வண்டி நிற்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்துவிடுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 10 ஆம்பியருக்கு மாற்றி, சிவப்பு வயரையும் 10 ஏ என்று போட்டிருக்கும் துளையில் செருகுங்கள். ஒரு முனை கழற்றிய வயரில், மறு முனை நெகட்டிவ் டெர்மினலில். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அழுத்தவோ கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிராக்கர் விட்டு விட்டு இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். பிறகு டிராக்கரைக் கழற்றிவிட்டு, அளவு மிகக் குறைவாக இருந்தால் மீட்டரை மில்லி ஆம்பியருக்கும் சிவப்பு வயரை அதற்கான துளைக்கும் மாற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் கிளாசிக்கில் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக் கூடாது. அப்போதும் அதிகமாகக் காட்டினால் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரின் (எஞ்சினிலிருந்து வரும் கரண்டை டி.சி.யாக்கி, அளவாக பேட்டரிக்கு அனுப்பும் பெட்டி) கப்ளரை, அதாவது வயர் பிளக்கை, பிடுங்கிப் பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் அதன் டயோடு கசிகிறது, மாற்ற வேண்டியது பேட்டரியை அல்ல.

டிராக்கர் 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம், அதாவது 5 ஏ.எச். 14-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஞாயிறு காலை அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டினால் அந்த 5 ஏ.எச். திரும்பி வராது. போன சார்ஜில் கொஞ்சம்தான் திரும்புகிறது. அடுத்த வாரம் அந்தக் குறைவிலிருந்தே மீண்டும் இறங்குகிறது. லெட் ஆசிட் பேட்டரி (தண்ணி, எம்.எஃப். இரண்டும் இதுதான்) முழு சார்ஜுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் படியும் லெட் சல்ஃபேட் இறுகிவிடும். இறுகிய இடம் திரும்ப வேலை செய்யாது. வெளியே பார்க்க பேட்டரி நன்றாகவே இருக்கும், சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட்கூடக் காட்டும். செல்ஃப் அழுத்தினால் 8-க்கு விழும். உங்கள் பேட்டரிக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். பழசைத் தூக்கிப் போடுவதற்கு முன் முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டுக்கும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கும் மாற்றி அளந்து பாருங்கள். 10.5 வோல்ட் பக்கத்தில் நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட். அது வேறு கதை, அதற்கு மருந்து இல்லை.

அடுத்தது வண்டியின் சார்ஜிங். நல்ல பேட்டரி ஒன்றைக் கடன் வாங்கியாவது பாருங்கள், செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு அளந்தால் தப்பான அளவுதான் வரும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கிப் பிடியுங்கள், 3000 ஆர்.பி.எம். அளவில் டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஐடிலில் 13-க்கு அருகே இறங்கினால் பயப்பட வேண்டாம். முறுக்கியும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் கப்ளர் கருகியிருக்கிறதா, ஸ்டேட்டர் காயில் (எஞ்சினில் கரண்ட் தயாரிக்கும் சுருள்) சரியா என்று பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதைச் சரிசெய்யும்வரை எம்.எஃப்., லித்தியம் இரண்டையும் நினைக்கவே வேண்டாம். இன்னொரு சின்ன சோதனையும் செய்துவிடுங்கள்: மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அழுத்துங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் துரு. செல்ஃப் எடுக்காததற்கு பேட்டரி காரணமே இல்லாமலும் இருக்கலாம்.

இனி வகைகளுக்கு வருவோம்.

தண்ணி பேட்டரியை மட்டமாக நினைக்க வேண்டாம். விலை குறைவு. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) விட்டு ஒவ்வொரு செல்லாக அளக்கலாம். முழு சார்ஜில் 1.280 அருகே இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்தச் செல் போகப்போகிறது. கொஞ்சம் ஓவர் சார்ஜ் ஆனாலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம். இதில் கெடுதல் பெரும்பாலும் முதல் நாளிலேயே நடக்கிறது. கடைக்காரர் ஆசிட் ஊற்றி, பத்து நிமிடத்தில் வண்டியில் மாட்டி, செல்ஃப் அடித்துக் காட்டி அனுப்பிவிடுவார். அப்படி மாட்டும் பேட்டரி முழு சார்ஜ் ஆகியிருக்காது, கடைசிவரை அந்தக் குறை தொடரும். ஆசிட் ஊற்றிய பின் அரை மணி நேரமாவது ஊறவிட்டு, 14 ஏ.எச்.-க்குப் பத்தில் ஒரு பங்கான 1.4 ஆம்பியரில் பேட்டரி அட்டையில் போட்டிருக்கும் நேரம்வரை சார்ஜ் ஏற்ற வேண்டும். மூடிகள் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. வெளியே வருவது ஹைட்ரஜன். பிறகு அளவு குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஒருபோதும் ஆசிட் அல்ல. வாயு வெளியேறும் வென்ட் குழாயின் வாயை மூடியிருக்கும் சிவப்பு மூடியைக் கழற்ற மறந்தாலோ, குழாய் மடங்கினாலோ பேட்டரி வீங்கி வெடிக்கும். குழாயின் முனை செயினிலோ சைலென்சரிலோ சொட்டாத இடமாகப் பார்த்து இறக்குங்கள். சித்திரை வெயிலில் மாதம் ஒரு முறை அளவு பார்க்க முடியும் என்றால் இதையே போடலாம். வாரம் ஒரு நாள் மட்டும் வண்டியைத் தொடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பிளேட்டின் மேல் பகுதி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் அந்தப் பகுதி போனதுதான்.

எம்.எஃப். என்று கடையில் சொல்வது வி.ஆர்.எல்.ஏ. (வால்வு வைத்து மூடிய லெட் ஆசிட்) வகை. உள்ளே கண்ணாடி இழை விரிப்பு ஆசிட்டை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றவும் முடியாது. சாய்ந்தாலும் ஒழுகாது, தானாக இறங்கும் சார்ஜும் குறைவு. இதற்கு ஆகாதது ஓவர் சார்ஜ். 14.8-க்கு மேல் தொடர்ந்து போனால் வால்வு வழியே ஆவி வெளியேறி உள்ளே காய்ந்துவிடும், ஈடு செய்ய வழியில்லை. ரெகுலேட்டர் சோதனையை முன்னால் வைத்தது இதற்காகத்தான். முழு சார்ஜில் இது 12.8 வோல்ட் காட்டும். கடையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 12.6-க்குக் கீழே இருந்தால் அலமாரியில் நாள்பட்டுக் கிடந்தது, வேறு எடுங்கள். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள், மூன்று மாதத்துக்குள் இருப்பது நல்லது.

அளவில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பழைய பேட்டரியில் 14எல்-ஏ2 என்று இருந்தால் அது 134 மி.மீ. நீளம், 89 அகலம், 166 உயரம். கடையில் எளிதாகக் கிடைக்கும் 12 ஏ.எச். எம்.எஃப். வகை 150 நீளம், 145 உயரம். நீளத்தில் 16 மி.மீ. கூடுகிறது. பெட்டிக்குள் போகாததை அடித்து இறக்கி, ஸ்ட்ராப் மாட்டாமல் விட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அதிர்வில் பிளேட் உடையும், பாசிட்டிவ் டெர்மினல் பெட்டியின் இரும்பில் உரசும். உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் எம்.எஃப். கேட்டு வாங்குங்கள். ஆட்டம் இருந்தால் ரப்பர் ஷீட் வைத்து இறுக்குங்கள், தெர்மாகோல் வேண்டாம். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதையும் பழசுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் வயரை இழுத்துப் பூட்டத் தோன்றும். ஒரு கணம் மாற்றித் தொட்டாலும் ரெக்டிஃபையர் போய்விடும்.

ஜெல் என்று விற்பதில் பெரும்பாலானவை மேலே சொன்ன எம்.எஃப்.தான். தனியாக யோசிக்க ஒன்றுமில்லை.

லித்தியம், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நல்ல பொருள். எடை ஒரு கிலோ பக்கம்தான், செல்ஃப் கணீரென்று எடுக்கும். ஆனால் 14 ஏ.எச்.-க்கு இணை என்று விற்பது செல்ஃப் எடுக்கும் திறனை வைத்துச் சொல்வது. உள்ளே உண்மையில் இருப்பது பெரும்பாலும் 4 அல்லது 5 ஏ.எச். உங்கள் டிராக்கரின் 30 மில்லி ஆம்பியருக்கு 4 ஏ.எச். என்பது 133 மணி நேரம். திங்கள் காலை முழு சார்ஜோடு விட்டால் சனிக்கிழமை இரவுக்குள் காலி. ஒரு முறை அடியோடு இறங்கினாலே செல் கெட்டுவிடும். காக்கும் சர்க்யூட் உள்ளே இருந்தால் வெட்டிவிடும், வண்டி நிற்கும். பழைய சார்ஜர்களில் உள்ள சல்ஃபேட் நீக்கும் வசதியும் இதற்கு எமன். 190 கிலோ பக்கம் இருக்கும் வண்டியில் மூன்றரை கிலோ குறைக்க இவ்வளவு தொல்லையும் பல மடங்கு விலையும் தேவையில்லை. ரேஸுக்கு எடையைக் குறைப்பவர்களுக்குத்தான் இது.

டிராக்கருக்கு என்ன செய்வது? வண்டி நிற்கும்போது தூங்கும் வசதி பெரும்பாலான டிராக்கர்களில் உண்டு, அதை இயக்கி மறுபடி அளந்து பாருங்கள். 5 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால் வாரத்துக்கு 0.84 ஏ.எச்.தான், கவலையில்லை. இறங்கவில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறது என்றால், பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸோடு ஒரு கனெக்டர் வெளியே எடுத்து, தானாக நிற்கும் ஸ்மார்ட் சார்ஜரை வாரம் ஒரு ராத்திரி மாட்டுங்கள். டிராக்கரை சாவிக்குப் பின்னால் இணைப்பது சுலபம், ஆனால் நிற்கும் வண்டிக்குத்தானே காவல் வேண்டும். அது கூடாது.

மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். பாசிட்டிவை முறுக்கும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் பொறி பறக்கும், நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. டெர்மினலை இறுக்கிய பிறகுதான் வாசலின் தடவ வேண்டும். வாரண்டி 24+24 மாதம் என்று போட்டிருந்தால் முதல் 24-க்குள் கெட்டால் புதிது தருவார்கள், அடுத்த 24-க்கு விலையில் தள்ளுபடி மட்டுமே. பில்லில் தேதியும் பேட்டரியின் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து எக்ஸ்சேஞ்ச் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். தெருவில் வரும் பழைய இரும்பு வண்டியில் போட வேண்டாம். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பார்கள்.