சிவப்பு வண்டியா, பச்சை வண்டியா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. பதினெட்டு வருடமாக இங்கிலாந்தில், கவென்ட்ரியில் இருக்கிறேன். அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. எனக்கென்று ஒரு பழைய ரோட்ஸ்டர், அதாவது கூரையை இறக்கிவிட்டு ஓட்டும் கார், வாங்கிக்கொள்ள வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. இரண்டு எம்.ஜி.பி. பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1972 மாடல். குரோம் பம்பர், ஸ்போக் வீல், புதிதாக அடித்த சிவப்பு பெயின்ட், கண்ணைப் பறிக்கிறது. ஒரு வியாபாரி விற்கிறார். இன்னொன்று 1977. கறுப்பு ரப்பர் பம்பர், மங்கிப்போன பச்சை, சீட்டில் கோடு போட்ட துணி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருபத்தாறு வருடமாக வைத்திருக்கிறார். இரண்டு ஃபைல் நிறைய பில்கள் இருக்கின்றன. சிவப்பின் விலை பச்சையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ரப்பர் பம்பரைச் சேகரிப்பாளர்கள் மதிக்க மாட்டார்கள், குரோம் வாங்கினால் முதலீடாகவும் இருக்கும், லாபத்துக்கு வரியும் கிடையாது என்கிறார் அலுவலக நண்பர். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. எதை வாங்கட்டும்?

ஒரு வாசகர், கவென்ட்ரி

அன்புள்ள நண்பருக்கு,

நேரில் பார்த்துச் சோதிக்காமல் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால், பச்சை வண்டி.

ஏன் என்று சொல்ல என் கதையிலிருந்து தொடங்க வேண்டும். நானும் வாங்கியது சிவப்புதான். 1970 மாடல். ஒரு டிசம்பர் மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது, வியாபாரியின் முற்றத்தில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். எஞ்சின் நன்றாக ஓடியது, பெயின்டில் என் முகம் தெரிந்தது. அங்கேயே கைகொடுத்துவிட்டேன். அடுத்த செப்டம்பரில் எம்.ஓ.டி. சோதனைக்கு (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்ப்பது) கொண்டுபோனபோது, சோதனை செய்தவர் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. தகரத்தைத் தட்டினால் கேட்கும் சத்தம் இல்லை, அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. எழுந்து என் முகத்தைப் பார்த்தார்.

வெல்டிங் செய்பவர் அதை அறுத்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். மேலே ஒரு புதுத் தகடு. அதற்குள் இன்னொரு பழைய தகடு. அதற்கும் உள்ளே, தொழிற்சாலையில் வைத்த அசல் தகடு கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இடையில் இருந்த பள்ளத்தில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, மேலே பட்டி பூசியிருந்தார்கள். வெளியே வந்த தாளில் கால்பந்து ஆட்ட முடிவுகளைப் படிக்க முடிந்தது. அந்த வண்டியைச் சரிசெய்ய இரண்டு குளிர்காலம் ஆயிற்று. செலவு, வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அதே வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன், அதன் மேல் எனக்கு உயிர். ஆனால் நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது.

எம்.ஜி.பி.க்கு முன்னால் வந்த எம்.ஜி.ஏ.வில் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, உடம்பு தனி. 1962இல் எம்.ஜி.பி. வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உடம்பேதான் சேசிஸ். மூடிய காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். ரோட்ஸ்டருக்கு அது இல்லை. அதனால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கும் வேலையில் பெரும்பகுதி, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் சில் என்ற பெட்டி போன்ற பாகத்தின் மேல் விழுகிறது. கட்டிலின் பக்கச் சட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் உளுத்துப்போன கட்டிலில் எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டு என்ன பயன்?

ஒவ்வொரு சில்லிலும் வெளித்தகடு, உள்தகடு, நடுவில் நிற்கும் தகடு, அடியில் கோட்டை மதில் போல மடித்த தகடு என்று பல அடுக்கு உண்டு. அடித்தகட்டை இங்குள்ள மெக்கானிக்குகள் ‘காஸில் ரெயில்’ என்பார்கள். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் போய், சில்லின் முன்முனை மேல் தங்கிவிடும். குளிர்காலத்தில் அந்தச் சேற்றில் ரோட்டு உப்பும் கலந்திருக்கும். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். சில்லின் ஒரு பகுதி முன் மட்கார்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், முறையாக மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டைக் கழற்ற வேண்டும், அல்லது அதன் கீழ்ப்பகுதியை அறுக்க வேண்டும். அவ்வளவு வேலைக்கு மனமில்லாதவர்கள் பழையதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தச் சிவப்பு வண்டி அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. புதுப் பெயின்டுக்குக் கீழே எது இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை. பெயின்டுக்கு முன் எடுத்த படங்கள், வெல்டிங் வேலையின் பில், இவற்றைக் கேளுங்கள். நல்ல வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார். ‘எல்லாம் பார்த்தாச்சு சார்’ என்று வாயால் மட்டும் சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

மெக்கானிக் வேலை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு அது தேவையில்லை. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில் நெடுக, முன் மட்கார்டின் அடிப்பகுதி நெடுக மெதுவாக ஓட்டுங்கள். இரும்பு என்றால் பிடிக்கும். பட்டி என்றால் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் தரைவிரிப்பைத் தூக்கி அடித்தளத்தைப் பாருங்கள். சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தால் பேட்டரி பெட்டிகள். 1972 வண்டியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, 1977இல் 12 வோல்ட் ஒன்று. அந்தப் பெட்டிகள்தான் துருவுக்கு அடுத்த வீடு. கதவின் மேல் ஓரத்தில், சின்ன முக்கோணக் கண்ணாடி முடியும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல எம்.ஜி.பி.களில் அது உண்டு. இருந்தால் பேரம் பேசலாம், வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

முக்கியமான சோதனை ஜாக்கிதான். சில்லின் நடுவில் ஜாக்கி வைக்கவென்றே ஓர் இடம் உண்டு. அங்கே வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். வண்டி எழும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது மாறக் கூடாது. தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள், தரையில் இருந்தபோது மூடிய மாதிரியே மூட வேண்டும். உரசினால் சட்டத்தில் உயிர் இல்லை. அந்த இடத்தில் ஜாக்கி வைக்கவே விற்பவர் தயங்கினால், நீங்கள் அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை.

எஞ்சினைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. 1798 சி.சி., நாலு சிலிண்டர், முரட்டு எஞ்சின், கெட்டால் பிரித்துச் செய்துவிடலாம். நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டும்போது ஆயில் பிரஷர் 50க்கு மேல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 1977 வண்டியில் அதன் சுவிட்ச் கியர் கம்பியின் தலையிலேயே இருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு. கிரீஸ் வைக்காமல் ஓட்டிய வண்டியில் கிங்பின் தேய்ந்திருக்கும். சிவப்பு வண்டியின் ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும்.

இனி ரப்பர் பம்பர். அமெரிக்காவின் பாதுகாப்புச் சட்டத்துக்காக 1974 கடைசியில் அதைப் போட்டார்கள். விளக்கின் உயரமும் அந்தச் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று வண்டியையே ஒன்றரை அங்குலம் போலத் தூக்கினார்கள். அதனால் முதல் இரண்டு வருட வண்டிகள் வளைவில் சாய்ந்தன, கெட்ட பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் உங்கள் நண்பர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் 1976 நடுவிலேயே அதைத் திருத்திவிட்டார்கள். சாய்வைத் தடுக்கும் கம்பியைப் பின்னாலும் போட்டார்கள், ரேடியேட்டருக்கு மின்விசிறி வந்தது, டாஷ்போர்டு மாறியது. நீங்கள் சொல்லும் கோடு போட்ட சீட் துணியும் அந்த மாற்றத்தோடு வந்ததுதான். ஆகவே ஆசிரியரின் வண்டி ரப்பர் பம்பர் வண்டிகளிலேயே நல்ல காலத்தைச் சேர்ந்தது. வாங்கிய பிறகு குரோமாக மாற்றலாம் என்று யாராவது வருவார்கள். செய்யாதீர்கள். அது பிறந்த மாதிரியே இருக்கட்டும்.

முதலீடு என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். லாபம் வந்தால்தானே வரியைப் பற்றிப் பேச வேண்டும்? 1980 அக்டோபரில் எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலையை மூடும் வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.பி. செய்தார்கள். 1988இலிருந்து முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கிறார்கள், பழைய அச்சுகளை வைத்தே. கிடைக்காத பாகம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் அரிதாக இருந்தால்தான் விலை ஏறும். எம்.ஜி.பி.யில் சேகரிப்பாளர்கள் தேடுவது, இழுத்துத் திறக்கும் கைப்பிடி வைத்த 1965 வரையிலான ஆரம்ப வண்டிகளைத்தான். நீங்கள் பார்த்த இரண்டும் அந்த வரிசையில் வராது. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையை இறக்கிவிட்டு ஓட்டப் பிறந்தவை. அதற்காக வாங்குங்கள். (இந்தியாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு எம்.ஜி. என்றால் ஹெக்டர். அதே எண்கோணச் சின்னம்தான். அது அபிங்டனில் ஐம்பது வருடம் குடியிருந்தது என்று சொன்னால் என் அண்ணன் மகன் நம்ப மறுக்கிறான்.)

காகிதங்களுக்கு வருகிறேன். சேகரிப்பு வண்டி என்றால் பாதி மதிப்பு காகிதத்தில்தான். சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.எச்.என்.5 என்று தொடங்க வேண்டும். ஜி.எச்.டி. என்று இருந்தால் அது கூரை வைத்த ஜி.டி.யாகப் பிறந்தது. 5க்குப் பிறகு யு என்ற எழுத்து இருந்தால் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிய வண்டி. மழையில்லாத மாநிலத்திலிருந்து வந்திருந்தால் தகடு நன்றாகவே இருக்கும், குறையில்லை. ஆனால் விற்பவர் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். எந்த நாளில் செய்தது, என்ன நிறம், எஞ்சின் நம்பர் என்ன என்று அதில் இருக்கும். என் சிவப்பு வண்டி வெள்ளையாகப் பிறந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று, காசு செலவில்லாதது. அரசின் இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் பழைய எம்.ஓ.டி. முடிவுகள் வரும். எந்த வருடம் எதில் தோற்றது, ‘சில்லில் துரு’ என்று எப்போது எச்சரித்தார்கள், எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் இருக்கும். 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. சிவப்பின் பதிவுகள் அந்த வருடத்தோடு நின்றிருக்கின்றனவா, கடைசிச் சோதனையில் என்ன எழுதினார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். ஆசிரியர் கட்டாயமில்லாத பிறகும் வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோயிருந்தால், அந்த மனிதரைப் பற்றி அதுவே போதும். நான் இப்போதும் கொண்டுபோகிறேன். நீங்களும் விடாதீர்கள். சாலை வரி இரண்டுக்குமே இல்லை.

வாங்கிய பின், மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் இன்சூரன்ஸ் எடுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்தால் அவர்கள் சொல்வதுதான் விலை. பெட்ரோல் குழாய்களை முதல் மாதத்திலேயே புதிதாக மாற்றிவிடுங்கள். இப்போது சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம், பழைய ரப்பர் அதைத் தாங்காது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். காரேஜ் இல்லையென்றால் காற்றுப் போகும் துணி உறை.

ஆசிரியரைப் பார்க்கக் காலையில் போங்கள், மழையில்லாத நாளாக. வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். படுத்துப் பார்க்க ஒரு பழைய பாய், டார்ச், காந்தம், ஜாக்கி. ஃபைல்களை அவரோடு உட்கார்ந்து பாருங்கள், அவசரப்படாமல். சில் வேலைக்கு எந்த வருடத்தில் பில் இருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு சில்களின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.