கவலை இறைத்த தாத்தாவும் கவலைப்படும் பேரனும்

கேள்வி: தினமும் மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தால்தான் உடம்புக்கும் மனசுக்கும் முழுப் பலன் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நான் பத்து வருடமாகத் தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போகிறேன். அது போதாதா? என் தாத்தா எந்த ஜிம்முக்குப் போனார்? மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலை இறைத்தார், களி தின்றார், 88 வயது வரை இருந்தார். ஜிம்காரர்களுக்கு விளம்பரம் தேடித் தருகிறீர்களா? மூச்சு வாங்கினால் மனக்கவலை குறையும் என்பதெல்லாம் கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?
— ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: ஜிம்காரர்கள் இதுவரை கால் பக்க விளம்பரம்கூட நமக்குக் கொடுத்ததில்லை. கொடுத்தால் வாங்கிப் போடுவேன், அது வேறு விஷயம். போட்டாலும் என் பதில் இதுதான்.

தாத்தாவை உங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அவர் என் பக்கத்துச் சாட்சி, ஐயா. கவலை இறைப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் பாலக்கோட்டுப் பக்கம் பெரியப்பா கிணற்றில் நான் பார்த்திருக்கிறேன். மாடுகள் சரிவில் இறங்கும்போது பெரியப்பா வடத்தின்மேல் உட்கார்ந்து போவார். தண்ணீர் மொண்ட சால், அதாவது பெரிய வாளி, மேலே வந்து வாய்க்காலில் கொட்டியதும் எழுந்து, மாடுகளோடு மறுபடி மேட்டில் ஏறுவார். ஏறும்போது இரைக்கும், இறங்கும்போது அடங்கும். விடியும் முன்னே மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறும் வரை இதேதான். இன்றைக்குப் பெங்களூரில் மாதாமாதம் பணம் கட்டி, 'இன்டர்வெல் டிரெயினிங்' என்று பேர் வைத்து இதைத்தான் செய்கிறார்கள். தாத்தா ஜிம்முக்குப் போகவில்லை, சரி. ஜிம் கிணற்றங்கரையிலேயே இருந்தது.

இப்போது உங்கள் வாக்கிங். அதை வீண் என்று நான் எங்கும் எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அதாவது மூச்சு வாங்கும் ஒரு நிமிடம், வேக நடை இரண்டு நிமிடத்துக்குச் சமம். வாரம் ஏழு நாள் அரை மணி நேரம் நீங்கள் உண்மையிலேயே கைவீசி நடந்தால் பாஸ். ஆனால் 'உண்மையிலேயே' என்ற சொல்லில்தான் சிக்கல். தருமபுரியில் நான் போகும் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு நாலு பேர் கைகோக்காத குறையாக ஒரே வரிசையில் வருவார்கள். புறவழிச்சாலைப் பக்கம் சென்ட் என்ன விலை, யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை, கொடுத்த கைமாற்று ஏன் திரும்பவில்லை என்று மூன்று சுற்று. நாலாவது சுற்றில் டீக்கடை. ஆளுக்கு இரண்டு போண்டா. இதற்கு வாக்கிங் என்று பேர் இருக்கிறது, அவ்வளவுதான்.

எது மிதம், எது கடுமை என்று அறிய கையில் கடிகாரம் எதுவும் கட்ட வேண்டாம். பாட்டுப் பாட முடிந்தால் அது சும்மா நடை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு சொல் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் கடுமை. போன தை மாதம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் போன் செய்தான். "அப்புறம் பேசறேன்" என்றேன். 'அப்புறம்' என்பதற்கும் 'பேசறேன்' என்பதற்கும் நடுவில் இரண்டு மூச்சு. மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அவன் என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடுமையான உடற்பயிற்சி ஆகிக்கொண்டிருந்தது.

இதற்கு ஆதாரம் கேட்பீர்கள். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேரில் யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று கணக்கெடுத்து 1953-இல் வெளியிட்டார். ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம். (நம் டவுன் பஸ்ஸில் மாடி இல்லை. ஆனால் முன்படியிலிருந்து பின்படிக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிக்கெட் போடும் நடத்துநரை நினைத்துப் பாருங்கள், மாடியே தேவலாம்.) பிறகு அவரே அரசு அலுவலர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார். நாற்காலி வேலைக்காரர்களில், ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்க உழைத்தவர்களுக்கு மாரடைப்பு நன்றாகவே குறைவு. மோரிஸ் 99 வயது வரை இருந்தார். உங்கள் தாத்தாவுக்குச் சரியான ஜோடி.

உடனே இன்னொரு கேள்வி எழும்: அப்படியானால் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஏன் நோய் வருகிறது? நியாயமான கேள்வி. சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காய் மண்டிக்குப் போய்ப் பாருங்கள். லோடுமேன் காலையிலிருந்து இரவு வரை மாங்காய்ப் பெட்டி தூக்குகிறார். வேகத்தை முடிவு செய்வது அவரில்லை, லாரி. ஓய்வெடுக்கும் நேரத்தையும் லாரிதான் முடிவு செய்கிறது. எட்டு மணி, பத்து மணி நேரம் இரத்த அழுத்தம் ஏறியபடியே நிற்கிறது. அதே இடுப்பு, அதே தோள். பயிற்சி என்றால் இதயத்தை அரை மணி நேரம் விரட்டிவிட்டு, மிச்ச நேரம் ஆற விடுவது. அந்த ஆறுதலில்தான் உடம்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது. இதயம் பலப்பட்டு, ஒரு துடிப்புக்கு அதிக இரத்தம் தள்ளப் பழகுகிறது. சும்மா இருக்கும்போது நாடி மெதுவாகிறது. லோடுமேனுக்குத் தேவை என் அறிவுரை இல்லை, அரை நாள் லீவு.

அப்புறம் களி. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் களி மேல் கை வைத்தால் அடி விழும், தெரிந்தேதான் சொல்கிறேன். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து உண்டு, நார் உண்டு. கூடவே ஏறக்குறைய எழுபது சதவீதம் மாவுச்சத்தும் உண்டு. உள்ளே போனால் அதுவும் சர்க்கரையாகத்தான் இரத்தத்தில் சேரும். தாத்தா இரண்டு உருண்டை விழுங்கிவிட்டு மாட்டின் பின்னால் போனார். நாம் அதே இரண்டு உருண்டையை விழுங்கிவிட்டு பைக்கில் போகிறோம். தசை மும்முரமாக வேலை செய்யும்போது, இன்சுலின் வந்து சொல்லும் வரை காத்திருக்காமல் இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், இன்சுலின் சொல்வதை நன்றாகக் கேட்கும். அதன் பிறகு பழைய குருடி, கதவைத் திறடி. 'தினமும்' என்று நான் எழுதியதற்கு இதுதான் காரணம். ஒரு நாள் உடம்பு முடியவில்லையா, மெல்ல நடங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாதீர்கள்.

கடைசியாக மனசு. தாத்தா இறைத்த கவலை வேறு, நம்மைப் போட்டு இறைக்கிற கவலை வேறு. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. சீட்டுக் கட்டிய பணம் ஞாபகம் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு மேலே மேலே வாங்குகிறது. ஏதோ ஆகப்போகிறது என்று உடம்பே கட்டியம் கூறுகிறது, அதைக் கேட்டு மனசு இன்னும் பயப்படுகிறது. கொஞ்சம் யோசியுங்கள்: படபடப்பு, வியர்வை, மூச்சு வாங்குதல், மூன்றும் மலையேறும்போது வருகிறவைதான். தினமும் அரை மணி நேரம் இவற்றை நாமே வரவழைத்து, நாமே அடங்கவைத்துப் பழகினால், இரவில் அழையாமல் வரும்போது உடம்பு அவ்வளவாக மிரளாது. தூக்கமும் ஆழமாகும். எனக்கு இது அனுபவம். என் அனுபவத்தை நீங்கள் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோய் உள்ள, 50 வயது தாண்டிய 156 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் நன்றாக மூச்சு வாங்கும் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை முதலில் வேகமாக வேலை செய்தது, பயிற்சி பின்னாலேயே வந்து எட்டிப் பிடித்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள்; டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எதுவும். ஓடினால் சீட்டுப் பணம் திரும்பி வரும் என்றும் நான் சொல்லவில்லை.

நாளைக்கே ஓடத் தொடங்கிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் மெல்ல நடந்த உடம்பு அது. இரத்த அழுத்தம், சர்க்கரை, நடந்தால் நெஞ்சில் இறுக்கம், இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டர். உங்கள் காரிமங்கலம் பக்கத்தில் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்கள் நிறையப் பேர். முதுகும் முழங்காலும் விறைத்துப்போனவர்களுக்கு ஓட்டம் சரிப்படாது. சைக்கிள் போதும், அதை மேட்டில் மிதித்தால் மூச்சு தானாக வாங்கும். மற்றவர்கள் வழக்கமான நடையிலேயே ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வேகமாகப் போங்கள், அதற்கடுத்த கம்பம் வரை மெல்ல. முதல் வாரம் நாலு கம்பம் போதும். கவலை மாடு மாதிரிதான்: ஏற்றம், இறக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குத் தீர்த்தமலை அடிவாரத்தில் இருப்பேன். வாருங்கள், சேர்ந்து ஏறலாம். மிச்சக் கேள்விகளை இறங்கிய பிறகு கேளுங்கள்.