ஊர்க் கண்மாயில் தூண்டில் போட்டு மீன் பிடித்துச் சாப்பிடலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா?

பெரும்பாலும் கேட்கத்தான் வேண்டும். கண்மாய், ஏரிகளின் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, பல ஊர்களில் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்திருப்பார், அதில் நாம் தூண்டில் போடுவது அவர் பையில் கை விடுவதுதான். ஆனால் கேட்டால் தூண்டிலுக்கு நிறைய பேர் சரி என்றுதான் சொல்வார்கள், வலை என்றால் சண்டை. மேட்டூர் மாதிரி அணைகளில் மீன்வளத் துறையிடம் கேளுங்கள். சரணாலயத்துக்குள் ஓடும் ஆறு என்றால் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897 இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். கரண்டு வைத்துப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் குஞ்சுகுளுவான் எல்லாம் சேர்ந்து போகும், சில சமயம் பிடிக்கிற ஆளும்.

சட்டத்தைத் தாண்டி நான் முக்கியமாக நினைப்பது விரால் விஷயம். மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டு நகரும், அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும் என்பதால் பிடிப்பது சுலபம், அப்புறம் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரைதான். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) இந்தக் கவலையே வேண்டாம். 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது, நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளிவிட்டது, குத்தகைதாரர் சரி என்றால் ஆசை தீரப் பிடித்து வறுத்துச் சாப்பிடுங்கள். சாயப்பட்டறைத் தண்ணீரோ சாக்கடையோ கலக்கிற குளமாக மட்டும் இருக்கக் கூடாது.