உச்சி வெயில் ஏன் 12 மணிக்கு இல்லை?

கேள்வி: ஜனவரியில் மொட்டைமாடியில் கம்பு நட்டு நிழல் பார்த்தோம். 12 மணி தாண்டியும் நிழல் குறுகிக்கொண்டே போனது. தப்பு கடிகாரத்திலா, கம்பிலா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: இரண்டிலும் இல்லை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. பாளையங்கோட்டை இருப்பது 77.7 டிகிரியில். இடைவெளி 4.8 டிகிரி, நாலால் பெருக்கினால் 19 நிமிடம் சொச்சம். மிர்சாபூரில் உச்சி தாண்டி அவ்வளவு நேரம் கழித்துத்தான் நமக்கு உச்சி. தூத்துக்குடிக்காரர்கள் நம்மைவிட ஒன்றே முக்கால் நிமிடம் முந்திக்கொள்வார்கள்.

இந்த 19 சராசரிதான். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நம் உச்சி நவம்பர் தொடக்கத்தில் 12.03க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.33 ஆகும். மார்கழியில்தான் சீக்கிரம் இருட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் கார்த்திகை பிறக்கும்போதே 5.55க்கு அஸ்தமனம், மார்கழியில் அது 6 மணியைத் தாண்டிவிடும். பொழுது ரொம்பப் பிந்தி விடிவது தையில், 6.40 வாக்கில்.

மறுபடி பார்ப்பதானால், குட்டை நிழலுக்குக் காத்திருக்காதீர்கள். உச்சியை ஒட்டிச் சில நிமிடங்களுக்கு நிழல் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. ஒரு மீட்டர் கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். தரையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மாடியில் தண்ணீர் வாட்டம் விட்டிருப்பார்கள், அதுவே கணக்கைக் கெடுக்கும். காலை 11 மணிக்கு நிழல் நுனி வரை கயிறு பிடித்து, கம்பியை நடுவாக வைத்து வட்டம் போடுங்கள். ஜனவரி நடுவில் அது முக்கால் மீட்டர் இருக்கும். குறுகிய நிழல் திரும்ப நீண்டு 1.57க்கு வட்டத்தைத் தொட்டால், இரண்டுக்கும் நடுவான 12.28தான் உச்சி. ஏப்ரல் 12, ஆகஸ்ட் 31 ஒட்டி இதைச் செய்ய வேண்டாம். அப்போது சூரியன் நேர் தலைக்கு மேலே வருவதால் உச்சியில் நிழலே விழாது.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பூமத்திய ரேகை ஊராயிற்றே, அங்கே ஏன் 7 மணிக்கு விடிகிறது? (கடையநல்லூர் வாசகி)

பதில்: சிங்கப்பூர் 103.8 டிகிரியில் இருக்கிறது. சூரியக் கணக்குப்படி கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம்தான் முந்த வேண்டும். 1982 முதல் மலேசியாவோடு சேர்ந்து 8 மணி நேரம் முந்தி வைத்திருக்கிறார்கள். கடிகாரம் ஒரு மணிக்கு மேல் வேகமாக இருக்கிறது, அவ்வளவுதான். நேர மண்டலத்தின் எல்லையை அரசாங்கம் போடுகிறது, சூரியன் அல்ல.

கேள்வி: காலண்டரில் திங்கள் ராகுகாலம் 7.30 முதல் 9 வரை. நம் ஊருக்கும் அதேதானா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: அது 6க்கு உதயம், 6க்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்டது. உதயத்தை வைத்துப் பார்ப்பவர்கள், உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பங்கிட்டு, திங்களுக்கு இரண்டாவது பங்கை எடுக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் திருநெல்வேலியில் 6.40க்கு உதயம், 6.25க்கு அஸ்தமனம். ஒரு பங்கு 88 நிமிடம். ஆக 8.08 முதல் 9.36 வரை.