412 கோடுகளும் ஒரு சிக்குக் கோலமும்

கேள்வி: ஐயா, மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் 412 சங்கங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் காலை, மாலை இரு வேளையும் வரும் பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றும் பதிவாகின்றன. ஓராண்டுக் கணக்கு மூன்று லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எல்லாச் சங்கங்களையும் ஒரே கோட்டு வரைபடத்தில் போட்டுக் காட்டினேன். தலைவர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சிக்குக் கோலமா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மென்பொருள் விற்க வந்த ஒருவர் சன்பர்ஸ்ட் (பங்குகளை வளையத்துக்குள் வளையமாகக் காட்டுவது), சாங்கி (ஓட்டத்தின் அளவைப் பட்டையின் தடிமனால் காட்டுவது), ட்ரீமேப் (பங்குகளைச் செவ்வகங்களாகக் காட்டுவது) என்று நவீனப் படங்களாகக் காட்டிவிட்டுப் போனார். சன்பர்ஸ்ட் மிகவும் அழகாக இருந்தது. ஆனால் எங்களிடம் இருப்பது எக்செல் மட்டும்தான். இவ்வளவு தரவுக்கு எந்தப் படம் பொருந்தும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தலைவர் நல்ல விமர்சகர். ஆனாலும் அவர் சிக்குக் கோலத்துக்கு அநியாயம் செய்துவிட்டார். அதில் ஒவ்வொரு வளைவும் ஒரு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும். கண்ணால் கோட்டைத் தொடர்ந்து போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். உங்கள் படத்தில் ஒரு கோட்டைப் பிடித்து நான்கு விரற்கடை தூரம் போவதற்குள் அது இன்னொன்றின் அடியில் புகுந்து காணாமல் போயிருக்கும்.

வெட்கப்பட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் நாற்பதாயிரம் புள்ளிகளை ஒரே சிதறல் படத்தில் போட்டு, அச்சகத்திலிருந்து "மை கொட்டிவிட்டதா, ஐயா?" என்று கேட்க வைத்தவன்தான்.

விற்பனையாளர் சொன்ன "நவீனம்" என்ற சொல்லை முதலில் ஓரமாக வைப்போம். கோட்டு வரைபடத்தையும் பட்டைப் படத்தையும் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் அச்சிட்டார். வட்டப் படத்தை 1801-இல். எண்களின் கட்டங்களுக்குச் சாயம் பூசிக் காட்டுவதை, இன்று ஹீட்மேப் என்று புதுப்பெயரில் விற்கிறார்களே, அதை 1873-லேயே துசேன் லுவா என்பவர் பாரிஸ் நகரின் 20 வட்டாரங்களுக்குச் செய்துவிட்டார். சாங்கி படம் 1898-இல் நீராவி எந்திரத்தில் வெப்பம் எங்கெங்கே வீணாகிறது என்று காட்ட வரைந்தது. புதிதாக வந்திருப்பது தரவின் அளவுதான். அளவு பெருகினால் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: ஒவ்வொரு புள்ளியையும் வரைவதை நிறுத்திவிட்டு, புள்ளிகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன, எங்கே இல்லை என்பதை வரைய வேண்டும்.

உங்கள் குழுவினர் கூட்டத்தில் முடிவு செய்வது என்ன? எந்த வழித்தடத்துக்கு மேற்பார்வையாளரை அனுப்புவது, எந்த நாட்களில் பால் குறைகிறது, தரத்தில் எங்கே சந்தேகம். மூன்று கேள்விகள். ஒரே படத்தில் மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்த்ததுதான் சிக்கலுக்குக் காரணம்.

பால் எப்போது, எங்கே குறைகிறது என்பதற்கு ஹீட்மேப். வரிசைக்கு ஒரு சங்கம், நெடுக்கில் ஒரு நாள். 412 வரிசை, 365 நிரல். மொத்தம் 1,50,380 கட்டங்கள். மலைக்காதீர்கள். சாதாரண கணினித் திரையில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் இருக்கின்றன. ஒரு சங்கத்துக்கு இரண்டு புள்ளி உயரம், ஒரு நாளுக்கு ஐந்து புள்ளி அகலம் என்றால் முழு ஆண்டும் ஒரே திரையில் அடங்கிவிடும். எக்செலில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் கலர் ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள். நிரல்களைக் குறுக்கிவிட்டு, எண்களுக்கான வடிவமைப்பில் மூன்று அரைப்புள்ளிகள் (;;;) இட்டால் எண்கள் மறைந்து நிறம் மட்டும் நிற்கும்.

இதை அப்படியே செய்தால் ஒரு மண்ணும் தெரியாது. இரண்டாயிரம் லிட்டர் ஊற்றும் சங்கம் ஆண்டு முழுவதும் கருத்திருக்கும். எண்பது லிட்டர் சங்கம் ஆண்டு முழுவதும் வெளுத்திருக்கும். பெரிய சங்கம் பெரியது என்பதைக் கண்டுபிடிக்க ஹீட்மேப் எதற்கு? ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் அன்றாட அளவையும் அதன் சொந்த ஆண்டுச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 100 என்றால் வழக்கமான நாள். 60 என்றால் அந்தச் சங்கத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. இப்போது சிறிய சங்கமும் பெரிய சங்கமும் ஒரே மொழியில் பேசும்.

அடுத்தது வரிசை முறை. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அகர வரிசையில் அடுக்கினால், ஒரு வழித்தடத்தில் பால் வண்டி பழுதான நாள் 412 வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிடும். குளிரூட்டும் நிலையம், அதற்குள் வழித்தடம், அதற்குள் வண்டி நிற்கும் வரிசை என்று அடுக்குங்கள். அதே பழுது இப்போது ஒரு பட்டையாகத் திரண்டு கண்ணைக் குத்தும். தரவு மாறவில்லை, நிறம் மாறவில்லை. அடுக்கிய விதம் மட்டும் மாறியிருக்கிறது. எந்த மென்பொருளும் இதை உங்களுக்காகச் செய்து தராது, ஏனென்றால் எந்தச் சங்கத்துக்கு அடுத்து எந்தச் சங்கம் என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

பதிவே இல்லாத நாளைச் சுழியமாக நிரப்பிவிடாதீர்கள். பால் வராததும் பதிவு வராததும் வேறு வேறு. அவற்றுக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். பல நேரம் அந்தச் சாம்பல் திட்டுகள்தாம் கூட்டத்தில் அதிகம் பேசப்படும்.

இந்த வகைப் படத்தின் வலிமையைப் பார்க்க வேண்டுமானால், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2015-இல் வெளியிட்ட தட்டம்மைப் படத்தைத் தேடிப் பாருங்கள். வரிசைக்கு ஓர் அமெரிக்க மாநிலம், நிரலுக்கு ஓர் ஆண்டு. தடுப்பூசி வந்த 1963-இல் நெட்டுக்குத்தாக ஒரே ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு இடப்புறம் நிறங்கள் கொதிக்கின்றன. வலப்புறம் சில ஆண்டுகளில் அடங்கிவிடுகின்றன. விளக்கவுரை தேவைப்படவில்லை. நீங்களும் கொள்முதல் விலை மாறிய நாளிலும், புதிய பரிசோதனைக் கருவி வைத்த நாளிலும் அப்படி ஒரு கோடு போட்டுவிடுங்கள். மீதியைக் குழுவினரே படித்துக்கொள்வார்கள்.

இப்போது தரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிடைமட்டத்தில் கொழுப்பு, செங்குத்தில் எஸ்.என்.எஃப். மூன்று லட்சம் புள்ளிகளைச் சிதறல் படமாகப் போட்டால் என் மைக்கறைதான் உங்களுக்கும் கிடைக்கும். அதற்குப் பதில் தளத்தையே சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை புள்ளிகள் விழுந்தன என்று எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம் கொடுக்க வேண்டும். அறுகோணக் கட்டங்களாக வெட்டும் முறைக்கு ஹெக்ஸ்பின் என்று பெயர், 1980-களில் வந்தது. எக்செலில் அறுகோணம் கிடையாது, சதுரமே போதும். இரண்டு அளவுகளையும் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கிப் பிவட் டேபிள் போடுங்கள். கொழுப்பு 3.0 முதல் 9.0 வரை 61 நிரல், எஸ்.என்.எஃப். 7.0 முதல் 9.5 வரை 26 வரிசை. மூன்று லட்சம் புள்ளிகள் 1,586 கட்டங்களில் அடங்கிவிட்டன. ஒரு கட்டத்தில் இருபதாயிரமும் இன்னொன்றில் இரண்டும் விழும் என்பதால், எண்ணிக்கையின் மடக்கையை (log) எடுத்து நிறம் பூசுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு திட்டு, சுற்றிலும் வெறும் வெள்ளை.

இந்தப் படத்தில் பால் பேசும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் 4.0 கொழுப்பு 3.6 ஆகும், 8.5 எஸ்.என்.எஃப். 7.65 ஆகும். இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்குவதால் புள்ளிகள் படத்தின் மூலையை நோக்கிச் சாய்வாக வழுக்கும். ஆடை எடுத்த பாலில் கொழுப்பு மட்டும் குறையும், எஸ்.என்.எஃப். ஏறக்குறைய அப்படியே நிற்கும். புள்ளிகள் இடப்புறமாக நகரும். ஆக, வால் எந்தத் திசையில் நீள்கிறது என்பதே ஒரு துப்பு. துப்பு மட்டும்தான். தீவனம், கோடை, கறவையின் கட்டம் எல்லாமே இந்த அளவுகளை அசைக்கும். படத்தை வைத்து யார்மீதும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். அது ஆய்வகத்தின் வேலை.

கொழுப்பை மட்டும் தனியாக நிகழ்வுச் செவ்வகமாகவும் (ஹிஸ்டோகிராம்) போட்டுப் பாருங்கள். பசும்பால் நான்கை ஒட்டியும், எருமைப்பால் ஆறு, ஏழை ஒட்டியும் இருப்பதால், இரண்டும் வாங்கும் ஒன்றியத்தில் இரண்டு குன்றுகள் எழும். சராசரி நடுப்பள்ளத்தில் போய் உட்காரும். அந்த அளவில் பால் ஊற்றும் சங்கம் மிகக் குறைவாகவே இருக்கும். புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970-களில் பரப்பிய பெட்டிப் படம் (தரவின் நடுப்பாதியை ஒரு பெட்டியாகக் காட்டுவது) கையால் வரைவதற்கு அருமையானது. ஆனால் இரண்டு குன்றுகளையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடும். 1998-இல் வந்த வயலின் படம் பெட்டியின் விளிம்பையே பரவலின் வடிவத்துக்கு வளைத்து இந்தக் குறையைப் போக்குகிறது. பெயரில் மயங்கி உங்கள் தலைவர் வாசித்துக் காட்டச் சொல்வார், அவ்வளவுதான் ஆபத்து.

செவ்வகத்தின் அகலத்தை 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 என்றால் படம் வழவழப்பாக இருக்கும், ஆனால் ஒன்று மறைந்துவிடும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதை வரைந்தால் 30, 35, 40 என்று கோபுரங்கள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். மக்கள் அந்த வயதில்தான் கூடுதலாக இருக்கிறார்கள் என்று பொருளல்ல, தோராயமாகச் சொல்கிறார்கள். உங்கள் படத்திலும் 4.0, 4.5 என்று கோபுரம் எழுந்தால், கருவி காட்டிய எண்ணை விட்டுவிட்டு யாரோ கையால் முழுமையாக்கி எழுதுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

கோட்டு வரைபடமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் 412 கோடுகளையும் மெல்லிய சாம்பலில் வைத்துவிட்டு, பேசப்போகும் ஒரே ஒரு சங்கத்தை மட்டும் அடர் நீலத்தில் தடிமனாகப் போடுங்கள். அல்லது குளிரூட்டும் நிலையத்துக்கு ஒன்றாகச் சிறு சிறு படங்களைத் தாளில் அடுக்குங்கள். எல்லாவற்றுக்கும் செங்குத்து அச்சின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். எக்செல் தன் விருப்பத்துக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அளவு வைக்கும்; அதைக் கையால் மாற்றாவிட்டால் குட்டையும் ஏரியும் ஒரே அகலமாகத் தெரியும்.

ட்ரீமேப்பை மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் 1990-இல் யோசித்தது, பலர் பகிர்ந்த 80 மெகாபைட் வன்வட்டை எந்தக் கோப்புகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்க. மொத்தத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இன்றும் நல்ல கருவி. நாள்போக்கைக் கேட்டால் வாயே திறக்காது. சாங்கி, கொள்முதல் முதல் பாக்கெட் வரை பால் எப்படிப் பிரிகிறது என்று ஏழெட்டுக் கிளைகளில் காட்டப் பொருத்தம். 412 கிளை வேண்டாம், மறுபடி கோலம்தான். முப்பரிமாண வட்டத்தைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இருவர் 1984-இல் சோதித்துச் சொன்னதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் நீளங்களை நம் கண் சரியாக ஒப்பிடுகிறது, கோணத்திலும் பரப்பளவிலும் தடுமாறுகிறது. ஐந்தாறு எண்களை ஒப்பிட வேண்டிய இடத்தில் பட்டைப் படம் போட்டால் யாரும் உங்களைப் பழமைவாதி என்று சொல்ல மாட்டார்கள்.

நிறத்தில் எச்சரிக்கை. சிவப்பு, பச்சை கலந்த படம் ஒன்றை ஓர் அதிகாரியிடம் பெருமையாக நீட்டினேன். "எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறதே" என்றார். அவருக்கு நிறக்குருடு, ஆண்களிடையே அது அபூர்வமானதல்ல. வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் நீலத்தில் முடியும் ஒரே ஏறுவரிசை போதும். வானவில் நிறங்களை எக்செலே கெஞ்சினாலும் தவிருங்கள். கூட்டத்துக்கு முன் ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதிலும் படம் புரிந்தால் நிறத்தேர்வு சரி.

எக்செல் தாங்குமா என்பது உங்கள் கவலையாக இருக்கும். அதன் ஒரு தாளில் 10,48,576 வரிகள் கொள்ளும், உங்களுடையது 3,00,760. மூன்று ஆண்டுகளைச் சேர்த்தாலும் இடமிருக்கிறது. உறுப்பினர் வாரியான பதிவுகளுக்குப் போகும்போது கோடிக்கணக்கில் வரிகள் வரும். அப்போது ஆர் (R) அல்லது பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

அடுத்த கூட்டத்துக்கு ஹீட்மேப் ஒன்று, கொழுப்பு எஸ்.என்.எஃப். கட்டப்படம் ஒன்று, குளிரூட்டும் நிலையங்களின் சிறுபடங்கள் ஒரு தாள். மூன்றே தாள்கள். சன்பர்ஸ்ட் மீது உங்களுக்கு ஆசை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆண்டறிக்கையின் அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.