ஒரே ஆசனம் இரண்டு பேருக்குப் பதிவாவது ஏன்?

யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசனப் பதிவுச் செயலி எழுதுகிறீர்கள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தள வேலைத் தொகுதிக்குள்) எழுதியும் ஒரே ஆசனம் இரண்டு பேருக்குப் போகிறது, ஏன் என்பது உங்கள் கேள்வி.

டிரான்ஸாக்‌ஷன் போட்டால் மட்டும் போதாது. ஐசோலேஷன் அளவையும், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்து வைக்கப்படுகின்றன என்பதையும், பார்க்க வேண்டும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தின் இயல்பு அளவு ரீட் கமிட்டட். கமிட் ஆனதை (உறுதியாகப் பதிந்து முடிந்ததை) மட்டுமே அது காட்டும், அவ்வளவுதான்.

14ஆம் ஆசனத்தை எடுங்கள். திருநெல்வேலியில் ஒருவரும் சாவகச்சேரியில் ஒருவரும் ஒரே நேரத்தில் செலக்ட் கட்டளையால் அதன் நிலையைப் படிக்கிறார்கள். இருவருக்கும் காலி என்றே தெரிகிறது. முதலாமவர் தன் பெயரை அப்டேட் செய்ததும், தரவு அட்டவணையில் அந்த ஆசனத்துக்குரிய வரிசை பூட்டப்படும். இரண்டாமவரின் அப்டேட் காத்து நிற்கும்; முதலாமவர் கமிட் செய்ததும் அவருடைய பெயரை அழித்து மேலே எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆபத்தே அதுதான்.

அளவை, இதைவிடக் கண்டிப்பான ரிப்பீட்டபிள் ரீட் ஆக்கினால் போஸ்ட்கிரஸ் இரண்டாமவரைப் பிழை காட்டி நிறுத்தும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் இன்னோடிபி சேமிப்பு இயந்திரத்தில் இயல்பு அளவே ரிப்பீட்டபிள் ரீட்தான், ஆனால் அங்கே அந்த அப்டேட் நிறைவேறிவிடும். பெயர் ஒன்று என்பதற்காக நடத்தையும் ஒன்று என்று நம்ப வேண்டாம். சீரியலைசபிள் என்ற அளவு எல்லாவற்றிலும் கண்டிப்பானது. பிழை வந்தால் முழு டிரான்ஸாக்‌ஷனையும் மறுபடி ஓட்டும் நிரல் உங்களிடம் இருக்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ‘இன்னும் காலியாக இருந்தால்’ என்ற நிபந்தனையை அப்டேட்டின் வேர் (WHERE) பகுதியிலேயே வையுங்கள். எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். பூச்சியம் என்றால் ஆசனம் போய்விட்டது, பயணிக்கு உடனே சொல்லிவிடுங்கள்.